பன்னிரண்டாவது இடம்

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ரொம்ப அடக்கமானவர் என்று பெண் வீட்டார் அன்றே சம்மதம் சொல்லிவிட்டார்களாம். பிற்பாடு மனைவி கேட்டதற்கு, "நீ எடது கால்ல எடை போட்டு நின்னே, அதைப் பார்த்துட்டிருந்தேன்" என்றாராம். ஜலகண்டாபுரத்தில் இதை எனக்கு நாலு பேர் சொன்னார்கள். நாலு பேரும் நேரில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

என்னையும் அப்படித்தான் பார்த்தார். என் காலில் புதுச் செருப்பு. சேலத்தில் வாங்கியது, பித்தளை வளையம் வைத்தது.

"சாருக்கு வலது செருப்புக் கடிக்குதுங்களா?" என்றார்.

கடித்தது. இல்லை என்றேன். முதல் சந்திப்பிலேயே உண்மை பேசினால் ஊரில் மரியாதை இருக்காது என்று நான் நினைத்திருந்த வயது அது.

ஐம்பதுகளின் கடைசி. சேலம் டவுனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்பா என்னைச் சாமியாராக்க விரும்பினார். நான் தத்துவப் பேராசிரியனாக விரும்பினேன். சர்க்கார் என்னை ஜலகண்டாபுரத்துக் கிளை நூலகத்தில் உட்கார வைத்தது. இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, ஆறு பத்திரிகை. பத்திரிகைகளை யாரும் மடித்துக்கொண்டு போய்விடாதபடி ஒவ்வொன்றையும் ஒரு கழியில் மாட்டியிருக்கும். ஊர் முழுக்கத் தறிச் சத்தம். நூலகம் இருந்த வாடகைக் கட்டிடத்துக்குப் பின்னால் மண் முற்றம் ஒன்று சும்மா கிடந்தது. அந்த முற்றத்தைக் கேட்டுத்தான் அவர் வந்தார்.

அவரும் நெசவாளிதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். பழக வருகிறவர்கள் எட்டு ஒன்பது பேர், எல்லாரும் தறிக்காரர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். பகல் பூராவும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த உடம்பு, மாலையில் தறி நின்றதும் கம்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும். வெளிச்சம் இருக்கிற ஒரு மணி நேரம்தான். முற்றத்தைக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக என்னையும் சேர்த்துக்கொண்டார். முதல் வாரத்தில் என் கம்பு என் காதிலேயே மூன்று தடவை பட்டது. "சார் கம்புக்கு சாரைப் புடிச்சுப் போச்சு" என்று அங்கே ஒருவன் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற ஊர்களில் சிலம்பம் ஆரம்பிக்கும் முன் குருவணக்கம் உண்டு, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். இவரிடம் எதுவும் கிடையாது. "ஆரம்பிக்கலாங்களா?" என்பார், அவ்வளவுதான். கோபத்தில் கம்பை எடுக்கலாமா, ஆயுதம் இல்லாதவனை அடிக்கலாமா, குடித்திருப்பவனை என்ன செய்வது என்றெல்லாம் பழகுகிறவர்கள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கால் எங்க இருக்குது, பாருங்க."

முதுகுப் பக்கமாக அடிப்பது தர்மமா என்று நானே ஒருநாள் கேட்டேன். அவர் என்னைத் திருப்பி நிறுத்தி, எனக்குப் பின்னால் போய் நின்று, கம்பை ஓங்கிவிட்டு, "இப்ப என் கால் ரண்டும் ஒரே கோட்டுல இருக்குதுங்க. நீங்க சும்மா குனிஞ்சாலே நான் உழுந்துருவேன்" என்றார்.

எனக்கு இது போதவில்லை. கீழைநாட்டு வாள்வீரர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். மூன்று வருஷம் ஆசிரியர் வீட்டைக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான் வாளைத் தொடவே விடுவார்களாம். அறமும் தத்துவமும் இல்லாத கலை வெறும் அடிதடி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தத்துவம் இல்லாத கம்பு வெறும் மூங்கில் என்று அவரிடமே சொன்னேன். கையிலிருந்த கம்பை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"மூங்கில்தானுங்க. கொல்லிமலையிலிருந்து வந்தது" என்றார்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். அங்கே தறிக்குப் பாவு போடுவது தெருவில்தான். நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போட்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிக் கட்டி, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை உலர்த்துவார்கள். ஒரு காலையில் வண்டிமாடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு பாவு நீட்டியிருந்த தெருவில் பாய்ந்து வந்தது. எல்லாரும் கத்தினார்கள். அவர் ஒரு வாசலில் கிடந்த கழியை எடுத்துக்கொண்டு போய், மாட்டின் முன்னங்காலுக்கு எதிரே தரையில் தட்டினார். நாலு தட்டு. மாடு திரும்பிச் சந்துக்குள் போய்விட்டது. அதன் மேல் கழி படவே இல்லை. நான் நெகிழ்ந்துபோய், ஜீவகாருண்யம் அல்லவா இது என்று கேட்டேன்.

"மாட்டை அடிச்சா பாவு மேல உழுமுங்க" என்றார்.

அன்றுதான் முடிவுசெய்தேன், இவருக்கு இல்லாத தத்துவத்தை நான் கொடுத்துவிடுவது என்று. நூலகத் தாளில் சிவப்பு மையால் விதிகள் எழுதினேன். எத்தனை விதி என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் வளர்ந்த வீட்டில் கட்டளை என்றால் பத்துதான். கோபத்தில் கம்பை எடாதே, எளியவனைக் காத்து நில், இப்படிப் போகும். நாலாவது விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "எதிரியின் உயிருக்கு ஊறு செய்யாதே, அவன் ஆயுதத்தை மட்டும் நீக்கு." எழுதிவிட்டு நானே இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

முற்றத்துச் சுவரில் மாட்டி, எல்லாரையும் நிற்க வைத்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவர் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தார்.

"ஆணி உறுதியா இருக்குதுங்களா? காத்து அடிக்கும்" என்றார்.

அந்த எட்டு ஒன்பது பேரில் பச்சியப்பன் என்று ஒருவன். முப்பது வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். விதிகளைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு போய் மனப்பாடம் செய்தவன் அவன் ஒருவன்தான். எனக்கு வாய்த்த ஒரே வாசகன் என்றும் சொல்லலாம். இன்று வரைக்கும் என் எழுத்தை அவ்வளவு சிரத்தையாக வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நூலகத்தில் அட்டை போன பழைய சிலம்பப் புத்தகம் ஒன்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், வெளியே கொடுக்கக் கூடாது என்று முத்திரை குத்தியது. அதில் ஒரு மனிதப் படம் போட்டு, அடிக்கக்கூடிய இடங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு இடம். அவர் சொல்லிக்கொடுத்ததை எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். தோள், விலா, முழங்கால், கணுக்கால் என்று எல்லாம் இருந்தது. மணிக்கட்டு மட்டும் இல்லை. கம்பு பிடித்தவனுக்கு எதிரே நிற்கிறவன் முதலில் பார்க்கிற இடமே மணிக்கட்டுதான். அதைப் போய் விட்டுவிட்டாரே என்று அவரிடம் கேட்டேன்.

"அது வேண்டாமுங்க."

ஏன் என்றேன்.

"தெரியாதுங்க. சார், உங்க கால் எங்க இருக்குது, பாருங்க."

என் குறிப்பேட்டில், ஆசிரியரின் கல்வி முழுமையற்றது என்று அன்று எழுதிக்கொண்டேன். தேதி கூடப் போட்டேன். அந்த ஊரில் அப்போது எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் பழகிய ஒவ்வொருவனும் என்ன தொழில் செய்கிறான் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கையால் செய்கிறான் என்பதும் தெரியும். தினமும் பார்த்தேன். குழித்தறியில் இடது கை அச்சுச் சட்டத்தை இழுத்து அடித்து இழையை நெருக்கும். வலது கை மேலிருந்து தொங்கும் கயிற்றைச் சுண்டும். சுண்டினால் குறுக்கு நூல் வைத்த நாடாக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் சுண்டு என்று யாரும் எண்ணுவதில்லை. சுண்டுவது மணிக்கட்டு. இதெல்லாம் தெரிந்தும், படத்தில் பன்னிரண்டு இருக்கிறதே, இவரிடம் பதினொன்றுதானே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பச்சியப்பனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். நாலாவது விதிக்கு ஏற்ற அடி இதுதான் என்று விளக்கினேன். தலையில் அடித்தால் உயிர் போகும், விலாவில் அடித்தால் எலும்பு உள்ளே குத்தும், மணிக்கட்டில் தட்டினால் கம்பு கீழே விழும், ஆள் பிழைத்துக்கொள்வான். அடிகளிலேயே கருணை உள்ள அடி இது. "கருணை" என்ற சொல்லை உபயோகித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்திரிகைக் கழியை உருவி அவனிடம் கொடுத்து, ஒரு வாரம் நூலகத்துக்குள்ளேயே பழக்கினேன். விதியை மீறிப் புத்தகத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவரிடம் சொல்ல வேண்டாம், ஒருநாள் செய்துகாட்டி ஆச்சரியப்படுத்துவோம் என்றேன்.

பிறகு நடந்தது இரண்டு நிமிஷத்தில் நடந்தது. காலை ஏழு மணிக்குத் தெருவில் பாவு போடுகிற முறை யாருடையது என்று தகராறு. பச்சியப்பனுக்கும் அவன் சித்தப்பா மகன் கந்தசாமிக்கும். கந்தசாமி சிலம்பம் பழகாதவன். பாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியை உருவிக்கொண்டு வந்தான். ஓங்கினான் என்றும் சொல்கிறார்கள், சும்மா பிடித்திருந்தான் என்றும் சொல்கிறார்கள். பச்சியப்பன் கோபப்படவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். நிதானமாக ஓர் அடி முன்னால் வைத்து, ஒரே தட்டு. கழி கீழே விழுந்தது. உயிருக்கு ஊறு இல்லை. என் நாலாவது விதியை உலகத்தில் யாராவது பூரணமாக நிறைவேற்றியிருந்தால் அது அன்று காலை அவன்தான்.

வலது மணிக்கட்டு. வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கழித்துக் கட்டுப் பிரித்தபோது கை வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. விரல்கள் பாதி வரைக்கும் மடங்கின. அதற்கு மேல் மடங்கவில்லை. மேட்டூர் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே பச்சியப்பன் ஒரு தடவை நூலகத்துக்கு வந்தான். மேசைக்கு எதிரே நின்றான்.

"நாலாவதுல அப்பிடித்தானுங்களே சார் இருக்குது?"

ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அந்த மாதமே குடும்பத்தோடு கோயமுத்தூர்ப் பக்கம் ஏதோ மில்லுக்குப் போய்விட்டான். போகுமுன் அவன் மனைவி புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வந்த தேதியை முத்திரை குத்தி பீரோவில் வைத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிற்பாடு தோன்றும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்னால் ஊர் கூடியது. கேட்பதற்குப் பச்சியப்பன் ஊரில் இல்லை. அவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். பெரியவர் ஒருவர், மணிக்கட்டு அடி நீ சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டார். அவரிடம் பழகிய மற்றவர்கள் முகத்தில் குழப்பம். அவர்கள் யாருக்கும் அந்த அடி தெரியாது. இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சாட்சி சொல்லியிருப்பார்கள். அடுத்த கேள்வி, பின்னே யார் என்பதாக இருந்திருக்கும்.

நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. என் விதிகள் முற்றத்துச் சுவரில் வெட்டவெளிச்சமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தக் காகிதத்துக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாரும் நம்மைப் படிப்பதில்லை என்பது எனக்கு அன்று ஒரு நாள்தான் சௌகரியமாக இருந்தது.

அவர் நின்ற இடத்திலிருந்தே வழக்கம் போலக் கூட்டத்தின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெறுங்கால்கள், ரப்பர் செருப்புகள். மூன்றாவது வரிசையில் பித்தளை வளையம் வைத்த செருப்பு. அங்கே அவர் பார்வை நின்றது. நான் என்னையறியாமல் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அதையும் பார்த்தார்.

"எங்கிட்டப் பழகினவனுங்க. அடி எங்கிட்டருந்து போனதுதானுங்க" என்றார்.

இனி ஊரில் சிலம்பம் கூடாது என்றார்கள். சரி என்றார். கந்தசாமிக்கு என்ன வழி என்று கேட்டார்கள்.

"வலது கை வேலைய நான் பாத்துக்கறனுங்க."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வேன் என்று கடைசி வரைக்கும் எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. பிறகு கூட்டம் கலைந்துவிட்டது.

அடுத்த வாரம் சேலம் போய்ச் சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவம் சொல்கிற மரப்பெட்டிக்குள் முழங்காலிட்டு, நூலகத்திலேயே வைத்திருக்க வேண்டிய புத்தகத்தை வெளியே கொடுத்துவிட்டேன் சாமி என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தண்டனையாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவ்வளவு குறைந்த தண்டனை பெற்ற பாவி அந்த மறைமாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அவர் கந்தசாமி வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். காலையில் அங்கே, மத்தியானத்துக்கு மேல் தம் தறி. முதல் நாள் கந்தசாமியின் மனைவி வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "அடிக்கச் சொல்லிக்குடுத்தவரு இப்ப நெய்யச் சொல்லிக்குடுக்க வாராரு, எல்லாரும் வந்து பாருங்க" என்றாளாம். அவர் அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவள் நகர்ந்ததும் உள்ளே போனாராம். கந்தசாமி அவரோடு பேசவில்லை. ஒரு மாதம் வரை பேசவில்லை. குழிக்குள் உட்கார்ந்து காலால் மிதிப்பான், இடது கையால் அச்சை அடிப்பான். அவர் வலது பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கயிற்றைச் சுண்டுவார். ஒரு தறிக்கு இரண்டு ஆள். அப்படி யாரும் நெய்து அந்த ஊர் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். கந்தசாமி எப்போது மிதிப்பான் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே, அவன்தான் பேச மாட்டானே. பிறகு சரியாகிவிட்டது என்றார்கள்.

நான் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். சேந்தமங்கலம் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வீட்டில் இல்லை, எங்கே இருப்பார் என்று ஊருக்கே தெரியும். கந்தசாமி வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். மூன்று விதமாக அமைத்தேன். மூன்றுமே நன்றாக வந்திருந்தன.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழிக்குள் கந்தசாமியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் மிதிக்கும், அவர் சுண்டுவார், அச்சு அடிக்கும். இடது கால் மிதிக்கும், சுண்டுவார். சத்தம் ஒரே ஆள் நெய்கிற மாதிரித்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசமே தெரியாது.

மாற்றல் ஆகிவிட்டது என்றேன். அப்படிங்களா என்றார். கொஞ்ச நேரம் நெய்தார்கள்.

"அந்தப் பொஸ்தகம் லைப்ரரியில இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன்.

"சரிங்க."

கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இரண்டில் ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால் என்னுடைய மூன்று வாக்கியங்களில் ஒன்றை அதோடு சேர்த்திருப்பேன். தண்ணீர் குடிக்க அவர் எழுந்தார். கயிற்றின் பிடியை என் கையில் கொடுத்தார்.

"நாலு இழை இழுங்க சார்."

எப்போது இழுப்பது என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் குனிந்து குழிக்குள் பார்த்தேன். கந்தசாமியின் பாதம் மிதித்தது. சுண்டினேன். தாமதம். நாடா பாதி வழியில் நூலுக்குள் சிக்கி நின்றது. இரண்டு இழை அறுந்தது. பதினெட்டு மாதம் அவரிடம் பழகியவன் நான்.

"உடுங்க சார். உங்களுக்கு வராதுங்க" என்றான் கந்தசாமி. மரியாதையாகத்தான் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. லைப்ரரி சார், அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்து, அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் நின்றேன். வாக்கியம் வாய் வரை வந்தது. "வாரேனுங்க" என்றேன்.

கந்தசாமி அச்சை விட்டுவிட்டு எனக்குக் கும்பிடு போட்டான். இடது கை நேராக வந்தது. வலது கை வெளிப்பக்கம் திரும்பியே இருந்தது. விரல்கள் பாதி மடங்கி, இடது உள்ளங்கையில் ஒட்டாமல் நின்றன. ஒட்ட வைக்க இரண்டு தடவை முயன்றுவிட்டு, போதும் என்று அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோனான்.

பதிலுக்கு நானும் கும்பிட்டேன். என் கைகள் இரண்டும் அழகாகச் சேர்ந்தன. அவர் அப்போதும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.